வலப்பக்கம் துடித்த இதயம்

செவிலியர் கல்லூரியில் உடலியல் நடத்தி வந்த அந்த அம்மாளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் குழாய் மேடம். மனித உடம்பில் எதை எடுத்தாலும் அவளுக்கு அது குழாய்தான். ரத்தம் ஓடினால் குழாய், காற்று போனால் குழாய், சாப்பாடு இறங்கினால் பெரிய குழாய். மூளைக்கு வந்தபோதுகூடக் கொஞ்சம் தயங்கிவிட்டு, "இதையும் ஒரு விதத்துல குழாய்னு சொல்லலாம்" என்று ஆரம்பித்துவிட்டாள். பெயர் காதில் விழுந்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. பக்கத்து அறையில் வேதியியல் நடத்துகிறவருக்கு வைத்திருந்த பெயரை நினைத்தால் தனக்குக் கிடைத்தது விருது என்று தேற்றிக்கொண்டாள்.

பாடம் நடத்துவதில் அவளைக் குறை சொல்ல முடியாது. கணீர்க் குரல். கடைசி பெஞ்சில் தூங்குகிறவனும் ரத்த ஓட்டம் எங்கே திரும்புகிறது என்று கனவிலாவது கேட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் படம் வரைய மட்டும் வராது. கரும்பலகையில் ஒரு நேர்கோடு போட்டால் அது பாதி வழியில் மனம் மாறி வேறு பக்கம் போகும். அதனால் படங்களுக்கு அவள் ஒரே ஒரு தடித்த பாடநூலை நம்பியிருந்தாள். அதிலிருந்து ஸ்கேன் செய்த படங்கள்தான் ஸ்லைடுகள். அதோடு விட்டாளா? ஆண்டுத் தொடக்கத்தில் புத்தகம் முழுவதையும் வகுப்பின் இணையப் பக்கத்தில் ஏற்றிவிடுவாள். முதல் இரண்டு பக்கங்களை மட்டும் விட்டுவிடுவாள். அவற்றில்தான் ஆசிரியர் பெயரும், ஓவியர் பெயரும், அனுமதியின்றி நகலெடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருந்தன. அவை பாடத்திட்டத்தில் இல்லை என்பது அவள் கணக்கு.

இப்படியே போய்க்கொண்டிருந்த வண்டிக்கு முன்னால் ஒரு நாள் கல்லூரி முதல்வர் ஒரு வழக்கறிஞரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பாடம் நடத்தும்போது பிறர் படைப்பைச் சட்டப்படி பயன்படுத்துவது எப்படி" என்று கூட்டத்துக்குத் தலைப்பு. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு எல்லோரையும் குளிரூட்டிய அரங்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். வழக்கறிஞர் ஒல்லியான பெண்மணி, குரலும் ஒல்லி, ஆனால் சொன்னதெல்லாம் கனமாக இருந்தது. எதையெல்லாம் செய்யக் கூடாது என்பதிலிருந்து தொடங்கினார். வேறெங்கோ ஒரு கல்லூரியில் ஒரு விரிவுரையாளர் முழுப் புத்தகத்தை இணையத்தில் ஏற்றிவிட்டாராம். பதிப்பகத்திலிருந்து நோட்டீஸ் வந்ததாம். கல்லூரியும் அவரும் நீதிமன்றத்துக்குப் படிக்கட்டு படிக்கட்டாக ஏறி இறங்கினார்களாம்.

குழாய் மேடத்துக்கு வழக்கறிஞர் அரங்கத்தில் இருந்த எல்லோரையும் விட்டுவிட்டுத் தன்னையே பார்ப்பதாகத் தோன்றியது. முன்னால் இருந்தவரின் முதுகுக்குப் பின்னால் முடிந்தவரை தன்னை ஒடுக்கிக்கொண்டாள். அந்த உருவத்தை ஒடுக்குவது சுலபமில்லை.

நடுவில் தேநீர் வந்தது. பயந்து பயந்து களைத்துப் போயிருந்தவள் இரண்டு கோப்பை குடித்தாள். மறுபடி உட்கார்ந்ததும் ஸ்லைடுக்காக விளக்கை அணைத்தார்கள். கன்னத்தில் கையை ஊன்றி, மிகவும் கவனமாகக் கேட்பவள்போல ஒரு கோணத்தில் சாய்ந்தாள். அடுத்து அவள் அறிந்தது கைதட்டல். எல்லோரையும் விடப் பலமாக அவளும் தட்டினாள்.

அவள் தூங்கிய அந்த இரண்டாம் பாதியில்தான் எதையெல்லாம் செய்யலாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கணினியைத் திறந்தாள். இணையத்தில் ஏற்றிய புத்தகம் போனது. அது போகவேண்டியதுதான். ஸ்லைடுகள் போயின. சிறுநீரகம் போனது, நுரையீரல் போனது. அதே வேகத்தில் தங்கையின் கல்யாணப் படங்களையும் அழித்துவிட்டாள். யாரோ ஒரு போட்டோகிராபர் எடுத்ததுதானே, அவரிடம் எழுதி வாங்கினோமா என்று தோன்றிவிட்டது.

அவள் கணவருக்கு மாற்றுச் சாவி வெட்டிக் கொடுக்கும் கடை. கடையைப் பூட்டிவிட்டு வந்தவர் மனைவி கணினி முன்னால் வியர்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"என்னங்க, நான் இத்தனை வருஷமா திருடியாம். இனிமே யாரோட படத்தையும் தொடக் கூடாதாம்."

"யாரு சொன்னா?"

"வக்கீல் வந்து சொன்னாங்க. கண்ணைப் பார்த்துச் சொன்னாங்க."

"அப்போ என் பொழைப்பு என்ன ஆகுறது? என் தொழிலே காப்பி அடிக்கிறதுதானே!" என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இனி எல்லாப் படத்தையும் தானே வரைந்துவிடுவதென்று முடிவெடுத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேசையில் வெள்ளைத்தாளைப் பரப்பி, தன் ஞாபகத்திலிருந்தே ஓர் இதயத்தை வரைந்தாள். கணவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"கத்திரிக்காய் நல்லா வந்திருக்கு. காம்பு மட்டும் கொஞ்சம் நீளம்."

"அது காம்பு இல்ல. மகாதமனி."

"நான் ஒண்ணும் சொல்லல. நீ வரை."

சாயங்காலத்துக்குள் கூடை நிறையக் கத்திரிக்காய். வகுப்பில் இதைத் திரையில் போட்டால் பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போகமாட்டார்கள், சந்தைக்குத்தான் போவார்கள் என்று அவளுக்கே தெரிந்தது. அவள் முகத்தைப் பார்த்து இரங்கி, கணவர் தன் தொழில் அறிவிலிருந்து ஒரு யோசனை கொடுத்தார்.

"ஒரு சாவியை அப்படியே வெட்டினாத்தான் அது மாற்றுச் சாவி. இடம் வலம் மாத்தி வெட்டிட்டா அது வேற சாவி. அந்தப் பூட்டுக்கே போகாது. நீயும் படத்தைத் திருப்பிப் போட்டு வரையேன். காப்பின்னு யார் சொல்லுவாங்க?"

அந்தப் பூட்டுக்கே போகாது என்று அவர் சொன்னதை அவள் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. உலகச் சட்டங்களையெல்லாம் ஒரே மூச்சில் வென்றுவிட்டதாகக் குதித்தாள். புத்தகத்தின் இதயப் பக்கத்தை நகலெடுத்து, அச்சு இருக்கும் பக்கத்தைச் சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாள். வெளியிலிருந்து வெயில் அடித்ததும் தாளின் பின்பக்கத்தில் படம் திரும்பித் தெரிந்தது. அதன் மேல் இன்னொரு தாளை வைத்துக் கோடு கோடாக இழுத்தாள். என்ன அழகான இதயம்! வால்வு, தமனி, சிரை எல்லாம் அதனதன் இடத்தில். வலது, இடது என்ற எழுத்துகளை மட்டும் பழக்கதோஷத்தில் எப்போதும் எழுதும் பக்கங்களிலேயே எழுதினாள். கீழே கொட்டை எழுத்தில் தன் பெயரையும் எழுதி, உரிமை தனக்கே என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அந்தப் பருவம் முழுக்க ஜன்னலுக்கு ஓய்வில்லை. கல்லீரலைத் திருப்பினாள். இரைப்பையைத் திருப்பினாள். மண்ணீரல், குடல்வால் எதுவும் தப்பவில்லை. ஜன்னலை மறைக்காதே, அடுப்படி இருட்டாக இருக்கிறது என்று கணவர் முனகியபோது, "அறிவியலுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?" என்று அதட்டினாள்.

வகுப்பில் முதல் வரிசையில் ஒரு பெண் உட்காருவாள். நெட்டையானவள், கேள்வி கேட்காமல் வீட்டுக்குப் போகமாட்டாள். இதயப் படம் திரையில் வந்த அன்று அவள் எழுந்தாள்.

"மேடம், இதயத்தோட நுனி இடப்பக்கம் பார்த்துத்தானே இருக்கு?"

ஆண்டுதோறும் யாராவது கேட்கும் கேள்விதான். மேடம் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பல வருடங்களாகச் சொல்லி மெருகேறிய பதிலை அப்படியே எடுத்துவிட்டாள்.

"நல்லா யோசிச்சுப் பாரும்மா. பேஷண்ட் உனக்கு எதிர்ல நிக்கிறார். படத்துல உனக்கு எது இடப்பக்கமோ அது பேஷண்டுக்கு வலப்பக்கம். புரியுதா?"

"அப்போ இதயம் வலப்பக்கமா மேடம்? எல்லாரும் இடப்பக்கம்னு சொல்றாங்களே?"

"எல்லாரும் சொல்றதுக்கும் அறிவியலுக்கும் சம்பந்தம் இல்ல. படம் என்ன சொல்லுதோ அதைப் பாரு" என்று சொல்லிவிட்டு, எதையோ பெரிதாகச் சாதித்த திருப்தியோடு சாக்பீஸ் தூள் படிந்த கையைத் தட்டினாள். நெட்டைப் பெண் தன் மார்பில் கையை வைத்துப் பார்த்தாள். சந்தேகம்தான். ஆனாலும் மேடம் சொன்னதை எழுதிக்கொண்டாள்.

பருவத்தின் முடிவில் செய்முறைத் தேர்வு வந்தது. வெளியிலிருந்து தேர்வாளராக ஒரு மருத்துவர் வந்திருந்தார். பருத்த உடம்பு, தொங்கு மீசை, அதிகம் பேசாதவர். கட்டிலில் ஒரு பயிற்சிப் பொம்மை படுத்திருந்தது. அதன் நெஞ்சுக்குள்ளே பொருத்திய சின்ன ஒலிபெருக்கி சரியான இடத்தில் இதயம் துடிப்பதுபோலச் சத்தம் எழுப்பும். ஸ்டெதாஸ்கோப்பை அந்த இடத்தில் வைத்துத் துடிப்பை எண்ணிச் சொல்லவேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதலில் நெட்டைப் பெண் வந்தாள். மேடம் ஓரமாக நின்று பெருமையோடு பார்த்தாள். அந்தப் பெண் நம்பிக்கையோடு குனிந்து, பொம்மையின் வலது மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். கேட்டாள். இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டாள். முகம் வெளுத்துப் போய் நிமிர்ந்தாள்.

"சார், பேஷண்ட் இறந்துட்டாங்க."

தேர்வாளர் அடுத்தவளைக் கூப்பிட்டார். அவளும் வலப்பக்கம் வைத்தாள். "சார், துடிப்பே இல்ல." அடுத்தவள், அதற்கடுத்தவள், எல்லோர் கையிலும் அந்த நோயாளி செத்துக்கொண்டே இருந்தார். மேடத்துக்கு முதலில் பொம்மை மேல்தான் சந்தேகம் வந்தது. அருகில் போய்ச் சுவிட்சைத் தட்டிப் பார்த்தாள்.

அப்போது உள்ளே வந்தான் வகுப்புக்கே வராத ஒருவன். பருவம் முழுக்க அவனை மைதானத்தில் பார்த்தவர்கள் உண்டு. உடலியல் வகுப்பில் பார்த்தவர் இல்லை. மேடத்தின் படத்தில் ஒன்றைக்கூட அவன் கண்ணால் கண்டதில்லை. வந்தவன் நேராக இடது மார்பில் வைத்தான். கேட்டான். எண்ணினான். சரியாகச் சொன்னான்.

"நல்லாத்தானே சார் இருக்காங்க?" என்றான்.

தேர்வாளர் மேடத்தைப் பார்த்தார். அந்தக் கணத்தில்தான் அவளுக்குச் சமையலறை ஜன்னல் ஞாபகம் வந்தது. வெயில், கண்ணாடி, திரும்பிக்கிடந்த படம், பழக்கத்தில் எழுதிய வலதும் இடதும்.

"உங்க ஸ்லைடுகளைப் பார்க்கலாமா?" என்றார் அவர்.

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். இதயம் வலப்பக்கம். கல்லீரல் இடப்பக்கம். மேடம் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றாள். பூசி மெழுகலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். என்னவென்று மெழுகுவது? ஜன்னல் முதல் சாவி வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

தேர்வாளரின் தொங்கு மீசை முதலில் துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உறுப்பெல்லாம் இப்படி இடம் மாறிப் பிறக்கிறவங்க நிஜமாவே உண்டு மேடம். ரொம்ப அபூர்வம். நீங்க ஒரு வகுப்பையே அவங்களுக்காகத் தயார் பண்ணியிருக்கீங்க."

"பிள்ளைங்க மேல தப்பில்ல சார். தப்பு முழுக்க என்னோடது. படத்துக்குக் கீழேகூட எழுதியிருக்கேன் பாருங்க, உரிமை எனக்கேன்னு."

அவர் மறுபடி கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று. திருத்திப் பாடம் நடத்த அவகாசம் கொடுத்து, தேர்வைத் தள்ளிவைக்க ஒப்புக்கொண்டார். போகும்போது, "ஒரு நல்ல படத்தையே எடுத்துக் காட்டியிருக்கலாமே, அதுல என்ன பிரச்சினை?" என்று கேட்டார்.

"காப்புரிமை சார்."

"யார் சொன்னது? உங்க நூலகரைப் போய்க் கேளுங்க."

நூலகர் கூச்ச சுபாவக்காரர். பேசும்போது புத்தக முதுகுகளைத்தான் பார்ப்பார். அவர் முன்னால் போய் உட்கார்ந்த மேடம், ஒரு படத்தைக்கூட எடுக்கக் கூடாது என்று அன்றைக்கு வழக்கறிஞர் சொன்னாரே, நீங்களும் அங்கே இருந்தீர்களே என்று ஆரம்பித்தாள்.

"அது மொத பாதி மேடம். அதுலகூட முழுப் புத்தகத்தை ஏத்தாதீங்கன்னுதான் சொன்னாங்க. ரெண்டாவது பாதியில..." என்று இழுத்தார் நூலகர்.

"ரெண்டாவது பாதியில?"

"நீங்க தூங்கிட்டீங்க மேடம்."

"கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டு இருந்தேன் சார்."

"என் தோள்ல சாய்ஞ்சுதான் மேடம் தூங்கினீங்க. எழுப்பினா என்ன நினைப்பீங்களோன்னு நான் கடைசி வரைக்கும் அசையல. கழுத்து பிடிச்சுக்கிட்டு ரொம்ப நாள் கஷ்டப்பட்டேன்."

மேடத்துக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பூமி அந்த மாதிரி உதவிகளையெல்லாம் செய்வதில்லை. அசடு வழிய உட்கார்ந்து கேட்டாள். நூலகர் புத்தக முதுகுகளைப் பார்த்தபடியே சொன்னார். வகுப்புக்குள்ளே பாடத்துக்குத் தேவையான ஒரு படத்தை, யாருடையது என்று சொல்லிக் காட்டுவதற்கு இந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. புத்தகத்தையே தூக்கி இணையத்தில் போடுவதற்குத்தான் கொடுக்கவில்லை. யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வரைந்தவர்களே திறந்து விட்ட படங்களும் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. அதற்கு மேலும் வேண்டுமென்றால் உரிமை உள்ளவரிடம் கேட்கவேண்டும்.

"கேட்டா கொடுப்பாங்களா சார்?"

"கேட்டுப் பார்த்தாத்தானே தெரியும்? இன்னொரு விஷயம் மேடம்..." அவர் கணினியில் எதையோ தட்டித் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் ஜன்னலில் ஒட்டி ஒட்டி வரைந்த அதே பாடநூல், வண்ணத்தில், பக்கம் பக்கமாக. கல்லூரி அதற்குச் சந்தா கட்டியிருந்தது. மாணவர்கள் யார் வேண்டுமானாலும் தங்கள் அடையாள எண்ணைக் கொண்டு திறந்து படிக்கலாம். இணைப்பைக் கொடுத்தால் போதும்.

"இது எப்போலேர்ந்து இருக்கு?"

"நீங்க சேர்ந்த புதுசுலேர்ந்தே இருக்கு மேடம். ரொம்ப நாளாச்சு. இதுவரைக்கும் யாரும் திறக்கல."

மறுநாள் வகுப்பில் அவள் உண்மையைப் போட்டு உடைத்தாள். "இந்தப் பருவத்துல நான் நடத்தினது எல்லாத்தையும் கண்ணாடி முன்னால நின்னு படிங்க. சரியா வரும்" என்றாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நெட்டைப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "மேடம், அன்னைக்கே என் நெஞ்சுல கை வச்சுப் பார்த்தேன்" என்றாள் குற்றச்சாட்டாக. "அடுத்த தடவை நான் சொல்றதைவிட உன் நெஞ்சு சொல்றதைக் கேளும்மா" என்று மேடம் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு சரியான படங்களைப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் யாருடையது என்பதைச் சத்தமாக வாசித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து நடத்தினாள். தள்ளிவைத்த தேர்வில் பொம்மை எல்லோர் கையிலும் பிழைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு, வார்டில் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கையடக்கமாக ஒரு குறிப்பேடு அச்சடித்துக் கொடுக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. அதற்குப் படங்கள் நிறைய வேண்டும். இது வகுப்பில் காட்டுவதைத் தாண்டிய சமாசாரம், கேட்டுத்தான் ஆகவேண்டும் என்றார் நூலகர். யாரைக் கேட்பது என்று பார்க்க, இத்தனை வருடம் தாண்டித் தாண்டிப் போன அந்த முதல் இரண்டு பக்கங்களைத் திறந்தாள். அந்த இதயத்தை வரைந்தவர் ஒரு பெண். படங்களின் உரிமை அவரிடமே இருந்தது. மின்னஞ்சல் முகவரியும் அங்கேயே இருந்தது.

மேடம் எழுதத் தொடங்கினாள். அனுமதி கேட்பதற்கு நாலு வரி போதும். ஆனால் அவளுக்கு எதையும் நாலு வரியில் முடிக்கத் தெரியாது. ஸ்கேன் செய்தது, ஜன்னலில் ஒட்டியது, பேஷண்ட் செத்துச் செத்துப் போனது எல்லாம் எழுதி, ஆதாரத்துக்குத் தன் படத்தையும் இணைத்து அனுப்பிவிட்டாள். அனுப்பிய மறுகணம் தலையில் அடித்துக்கொண்டாள். "வாக்குமூலமே எழுதிக் கொடுத்திருக்கேங்க. இனி கையில விலங்கு மாட்டுறதுதான் பாக்கி."

பதில் சீக்கிரமே வந்தது. கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் திறந்தாள்.

குறிப்பேட்டுக்குப் படங்களைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், பெயரைப் போட்டால் போதும் என்று ஓவியர் எழுதியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை: படங்களைத் திருப்பக் கூடாது. அதற்குக் கீழே இன்னொரு பத்தி. 'நான் மருத்துவப் படம் வரைவதைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு படத்தைத் திருப்பிப் போடுவதால் அது நம்முடையது ஆகிவிடாது, உபயோகமில்லாமல்தான் போகும் என்பதை மாணவர்களுக்குக் காட்ட, இதைவிட நல்ல உதாரணம் எனக்கு வாழ்நாளில் கிடைக்காது. நீங்கள் அனுப்பிய படத்தை என் வகுப்பில் காட்டவும், நான் எழுதும் கையேட்டில் சேர்க்கவும் சம்மதிப்பீர்களா? மூலப்படம் என்னுடையதுதான். ஆனால் தவறு முழுக்க உங்கள் சொந்தப் படைப்பு. உங்கள் பெயரைப் போடுவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.'

"பேர் போட வேண்டாம்னு எழுதிடு" என்றார் கணவர் உடனே. "உன்னைத் தெரிஞ்சவங்க யாராவது பார்த்தா மானம் போயிடும்."

"ஆமாங்க" என்றாள் அவள். அப்படியே எழுதவும் உட்கார்ந்தாள். எழுதினாள், அழித்தாள். காபி போட்டுக் குடித்தாள். மறுபடி எழுதினாள், மறுபடி அழித்தாள்.

"இன்னும் என்ன யோசனை?"

"இல்லங்க. நான் வரைஞ்ச ஒரு படம் புத்தகத்துல வர்றதுக்கு இனிமே எனக்கு வேற சந்தர்ப்பம் கிடைக்கும்னு நினைக்கிறீங்களா?"

கணவர் கூடையில் கிடந்த கத்திரிக்காய்களை நினைத்துப் பார்த்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை.

அவள் தன் முழுப் பெயரை எழுதினாள். வாங்கிய பட்டங்களை ஒன்று விடாமல் எழுதினாள். கல்லூரிப் பெயரை எழுதப் போய், முதல்வரின் முகம் ஞாபகம் வந்து, அதை மட்டும் விட்டுவிட்டாள்.

கையேடு அச்சாகி அவளுக்கு ஒரு பிரதி வந்தது. ஒரு முழுப் பக்கத்தில் வலப்பக்கம் சாய்ந்த இதயம். கீழே ஓவியரின் பெயர். அதற்குக் கீழே அவள் பெயர், பட்டங்களோடு, அனுமதியுடன் என்ற சொல்லோடு. ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் காட்டினாள். வேதியியல்காரர், "இதையெல்லாம் போய் வெளியில காட்டுவாங்களா மேடம்?" என்றார். பொறாமை என்று அவளுக்குப் பட்டது.

ஒரு வாரம் கழித்து, ஏதோ வேலையாகக் கணவரின் கடைக்குப் போனாள். சாவிகள் தொங்கும் பலகைக்கு மேலே, சட்டம் போட்ட ஒரு படம். அந்தப் பக்கத்தைப் பெரிதாக நகலெடுத்து மாட்டியிருந்தார்.

"யாரைக் கேட்டு இதை மாட்டினீங்க?"

"என்ன, கட்டின பொண்டாட்டி படத்தை மாட்டுறதுக்கும் கேக்கணுமா?"

"பின்ன? என்கிட்டயும் கேக்கணும், அந்த ஓவியர்கிட்டயும் கேக்கணும்."

அவர் வேலையை நிறுத்திவிட்டுப் பணிவாகக் கைகட்டி நின்றார். "சரி மேடம். மாட்டிக்கலாமா மேடம்?"

அவள் படத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"அவங்களுக்கு நான் எழுதிக் கேட்டுக்கறேன். அதுவரைக்கும் கழட்டி வைங்க. மறுபடி மாட்டும்போது நேரா மாட்டுங்க. இப்போ தலைகீழா இருக்கு."